மீத்தேனைச் சூடாக்கும்போது கார்பன் எங்கே, எப்படிப் படிகிறது?

நீலச்சுடர்

வணக்கம். மீத்தேனின் வெப்பச்சிதைவைப் பற்றிய ஒரு சிறிய ஆய்வைச் செய்துவருகிறேன். 20 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட குவார்ட்ஸ் குழாயைக் கிடைமட்ட உலைக்குள் வைத்து, ஆர்கான் கலந்த மீத்தேனை வளிமண்டல அழுத்தத்தில் மெதுவாகச் செலுத்துகிறேன். உலையின் நடுப்பகுதி 1100 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜன் இருப்பதை, வாயுக்கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் காட்டுவதால், சிதைவு நடக்கிறது என்பதில் ஐயமில்லை. எனக்குப் பிடிபடாதது படிவின் தோற்றம்தான்.

பாடநூலில் இந்த வினை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: ஒரு மீத்தேன் மூலக்கூறு உடைந்து ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் உண்டாகின்றன. ஆனால் உலை ஆறியபின் குழாயை வெளியே எடுத்தால் நான்கு வகைப் பொருள்கள் தெரிகின்றன. நடுப்பகுதிச் சுவரில் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் சாம்பல்நிறப் படலம் இருக்கிறது. அது விரலுக்கு வராது, ஆனால் விளிம்பில் தட்டினால் வளைந்த செதில்களாக உரிகிறது. வெளியேறும் பக்கத்தில், உலை முடியும் இடத்துக்குச் சற்று முன்பிருந்து, ஊதினாலே பறக்கும் கறுப்புத் தூள் ஒட்டியிருக்கிறது. அதையும் தாண்டிக் குளிர்ந்த முனையில் நாஃப்தலீன் வாடையுடன் பழுப்புநிறப் பிசுக்கு காணப்படுகிறது. நான்காவது, நுழைவுப் பக்கத்தில்: வெப்பநிலையை அளக்கும் வெப்பமின்னிரட்டையின் துருப்பிடிக்காத எஃகு உறை ஏறத்தாழ 700 டிகிரி நிலவும் இடத்தைக் கடக்கும்போது, அதன்மேல் கறுப்பு மயிர்க்கற்றை போன்ற ஒன்று வளர்ந்திருக்கிறது.

ஒரே வாயுவிலிருந்து வரும் ஒரே தனிமம் ஏன் இப்படி இடத்துக்கு இடம் வேறுபடுகிறது? மேலும், சமநிலை அட்டவணைகளின்படி 550 டிகிரியை ஒட்டியே மீத்தேன் சிதையத் தொடங்க வேண்டும். வெற்றுக் குழாயில் 1000 டிகிரியைத் தாண்டும்வரை எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இவ்விரண்டையும் இணைத்து விளக்க முடியுமா?

சமநிலைவாதி

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மீத்தேன் திண்மக் கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிவது வெப்பங்கொள் வினை. அறை வெப்பநிலையில் மோலுக்கு ஏறத்தாழ 75 கிலோஜூல் தேவைப்படுகிறது. அதே சமயம் ஒரு வாயு மூலக்கூறு இரண்டு வாயு மூலக்கூறுகளாகப் பெருகுவதால் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, உயர்கிறது. வெப்பநிலை ஏற ஏற இந்த என்ட்ரோபி உயர்வின் பங்கு வலுவடைந்து, 550 டிகிரி செல்சியஸை ஒட்டி, வினை எந்தப் பக்கம் சாயும் என்று காட்டும் கட்டிலா ஆற்றல் மாற்றம் சுழியாகிறது. கார்பன் கிராஃபைட்டாகப் படிகிறது என்று கொண்டு, தூய மீத்தேனை 1 பார் அழுத்தத்தில் எடுத்துக்கொண்டால், அந்த இடத்தில் சமநிலையில் ஏறத்தாழ 45 விழுக்காடு சிதைந்திருக்க வேண்டும். 727 டிகிரியில் 85 விழுக்காடு. 1000 டிகிரியில் 98 விழுக்காடு.

அழுத்தம் இதற்கு எதிராக வேலை செய்கிறது. 727 டிகிரியில் அழுத்தத்தை 10 பாருக்கு உயர்த்தினால் அந்த 85 விழுக்காடு 45 விழுக்காடாக இறங்கிவிடும். ஆர்கானைக் கலப்பது அழுத்தத்தைக் குறைப்பதற்கு ஒப்பானது என்பதால், உங்கள் குழாயில் சமநிலை இன்னும் கூடுதலாகச் சிதைவின் பக்கமே சாய்ந்திருக்கும். ஆனால் இவை யாவும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கான எண்கள். எவ்வளவு நேரத்தில் போகும் என்பதைச் சமநிலை சொல்லாது. அதை வினைவேகம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

மூலக்கூறன்

சமநிலைவாதி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மீத்தேனில் ஒரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்க மோலுக்கு ஏறத்தாழ 439 கிலோஜூல் தேவை. உலோகமோ கார்பனோ உதவிக்கு இல்லாத வெற்று வாயுவில், வினை தொடங்க வேண்டுமானால் இந்தப் பிணைப்பு மோதல்களின் வேகத்தினாலேயே அறுந்து, மெத்தில் தனியுறுப்பும் (பிணைப்பு அறுந்து, எளிதில் வினைபுரியும் நிலையில் எஞ்சும் துண்டு) ஹைட்ரஜன் அணுவும் பிரிய வேண்டும். இந்த ஒரு படியை மட்டும் எடுத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், 550 டிகிரியில் ஒரு மூலக்கூறு தானாக உடைய பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1000 டிகிரியில் அது நிமிடக் கணக்குக்கு வந்துவிடுகிறது. 1200 டிகிரியில் நொடிக் கணக்கு. கடைசி 200 டிகிரி உயர்வுக்கு மட்டும் வேகம் இருநூறு மடங்குக்கு மேல் பெருகுகிறது. உங்கள் குழாயில் வாயு சில நொடிகளே தங்குகிறது என்றால், 1000 டிகிரி வரை ஒன்றும் தெரியாமல் அதற்குமேல் திடீரென்று எல்லாம் நடப்பதுபோல் தோன்றுவது எதிர்பார்க்கத்தக்கதே.

இனி முதல் கேள்வி. பாடநூலின் ஒற்றை வரி தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் காட்டுகிறது. இடையில் நடப்பது ஒரு நீண்ட தொடர்வினை. பிரிந்த ஹைட்ரஜன் அணு வேறொரு மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ரஜன் மூலக்கூறாகிறது. அங்கே மேலும் ஒரு மெத்தில் உருவாகிறது. இரண்டு மெத்தில்கள் இணைந்தால் ஈத்தேன். அந்த வெப்பநிலையில் ஈத்தேனால் நிலைத்திருக்க முடியாது. ஹைட்ரஜனை இழந்து எத்திலீனாகி, மீண்டும் இழந்து அசிட்டிலீனாகிறது. இரண்டு கார்பன்கள் கொண்ட அசிட்டிலீனுடன் ஒரு கார்பன் கொண்ட துண்டு சேர்ந்து உருவாகும், மூன்று கார்பன்கள் கொண்ட புரோபார்ஜில் தனியுறுப்புகள் இரண்டு சேர்ந்து பென்சீன் வளையத்தை மூடுவது முக்கியமான ஒரு வழி.

பென்சீன் கிடைத்தபின் வளர்ச்சி வேகமெடுக்கிறது. சுற்றித் திரியும் ஹைட்ரஜன் அணு வளையத்தின் விளிம்பிலிருந்து ஒரு ஹைட்ரஜனைக் கவர்ந்து செல்கிறது. வெறுமையான அந்த இடத்தில் ஓர் அசிட்டிலீன் வந்து ஒட்டுகிறது. மீண்டும் ஒரு கவர்தல், மீண்டும் ஓர் ஒட்டுதல், இன்னொரு வளையம். இவ்வாறு நாஃப்தலீன், ஃபினாந்த்ரீன், பைரீன் என்று வளையங்கள் பெருகப் பெருக ஹைட்ரஜனின் பங்கு சுருங்குகிறது. உங்கள் குளிர்ந்த முனையில் உள்ள பழுப்புப் பிசுக்கு இந்த இடைநிலையில் உலையை விட்டு வெளியேறிய பல்வளையச் சேர்மங்கள்தாம். அவை கார்பனாகும் பாதையில் இருந்தவை. வெப்பம் முடிந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டன. வாயுவை இன்னும் மெதுவாகச் செலுத்தினால் பிசுக்கு குறைந்து தூள் பெருகக் காண்பீர்கள்.

வரலாற்றில் ஒரு சுவையான முரண் உண்டு. 1908-இல் போன், கவார்டு ஆகிய இருவரும் மீத்தேன் பெரும்பாலும் சுவர்ப் பரப்பிலேயே சிதைந்து கடினமான, பளபளப்பான கார்பனைத் தருகிறது என்று எழுதினார்கள். 1932-இல் காசெல் வாயுவுக்குள்ளேயே நடக்கும் படிப்படியான ஒரு பொறிமுறையை முன்வைத்தார். அவர் முதற்படியாகக் கருதியது மெத்திலீன், பிற்காலச் சான்றுகள் காட்டியது மெத்தில். சுவரா, வாயுவா என்ற அந்த வாதத்துக்கு உங்கள் குழாய் இரண்டும் என்றே விடை சொல்கிறது என்பது என் கருத்து. பளபளப்பான படலம் சுவரின் வேலை. கறுப்புத் தூள் வாயுவின் வேலை.

கரித்தூள்

மூலக்கூறனின் விளக்கத்தில் ஒரு பகுதியை ஏற்கத் தயங்குகிறேன். வாயுவுக்குள் உருவான நுண்துகள்களே சுவரில் மோதி நெருக்கமாக அடுக்கிக்கொண்டு, நீண்ட நேரச் சூட்டில் இறுகிப் பளபளப்பாகியிருக்கலாம் அல்லவா? அப்படியானால் இரண்டு வழிகள் தேவையில்லை. ஒரே தூள் சூடான இடத்தில் படலமாகவும் குளிர்ந்த இடத்தில் தூளாகவும் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எளிமையான விளக்கம் போதுமானதாக இருக்கும்போது சிக்கலானதைத் தேட வேண்டுமா என்பதே என் கேள்வி.

உலைக்களம்

கரித்தூளின் கேள்வி நியாயமானது; ஆனால் மூன்று காரணங்களால் அந்த எளிய விளக்கம் நிற்காது.

முதலாவது, துகள்கள் நகரும் திசை. வெப்பநிலை வேறுபாடு உள்ள வாயுவில் மிதக்கும் நுண்துகளைச் சூடான பக்கத்து மூலக்கூறுகள் அதிக வேகத்துடன் தாக்குவதால், துகள் குளிர்ந்த பக்கம் நோக்கித் தள்ளப்படுகிறது. வெளியிலிருந்து சூடேற்றப்படும் உலையின் நடுவில் சுவர், வாயுவைவிடச் சற்றுச் சூடாக அல்லது சமமாகவே இருக்கும். எனவே துகள்கள் அங்கே சுவரை நாடுவதில்லை. உலையின் முடிவில் நிலைமை தலைகீழாகிறது: சூடான வாயு குளிர்ந்த சுவரைச் சந்திக்கிறது, துகள்கள் சுவருக்கு ஓடுகின்றன. தூள் எங்கே தொடங்குகிறது என்று நீலச்சுடர் எழுதியதை மீண்டும் பாருங்கள்: உலை முடியும் இடத்துக்குச் சற்று முன்பிருந்து. வெப்பநிலை இறங்கத் தொடங்கும் இடம் அதுதான்.

இரண்டாவது, படலத்தின் உள்ளமைப்பு. வாயுவில் உருவாகும் கறுப்புத் தூள், அதாவது புகைக்கரி, பத்து முதல் சில நூறு நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிய சங்கிலிகளால் ஆனது. சுவர்ப்படலத்தை உடைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டைகள் தெரியாது. சுவருக்கு இணையாக அடுக்கிய மெல்லிய தகடுகள் தெரியும். மெத்தில், அசிட்டிலீன், சிறு வளையச் சேர்மங்கள் போன்றவை சுவரிலுள்ள கார்பன் தகடுகளின் விளிம்புகளில் நேரடியாக வினைபுரிந்து ஒட்டுவதால், படலம் மூலக்கூறு மூலக்கூறாக வளர்ந்து சுவரின் வழுவழுப்பை அப்படியே பின்பற்றுகிறது. பளபளப்பு அதனால் வருகிறது. இதற்கு வெப்பச்சிதைவுக் கார்பன் என்று பெயர். கிராஃபைட்டைப் போல் தகடுகள் உண்டு, ஆனால் ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே கிராஃபைட்டில் உள்ள ஒழுங்கான பொருத்தம் இல்லை. தகட்டிடைத் தொலைவும் கிராஃபைட்டின் 0.335 நானோமீட்டரைவிடச் சற்று அதிகம்.

மூன்றாவது, தொழில்துறைச் சான்று. விமானங்களின் கார்பன்–கார்பன் பிரேக் வட்டுகளைச் செய்யும் முறைகளில் ஒன்றில், கார்பன் இழைகளால் ஆன துளைமிகு வட்டை ஏறத்தாழ 1000 முதல் 1100 டிகிரியில் வைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் மீத்தேன் அல்லது இயற்கை வாயுவைச் செலுத்துகிறார்கள். இழைகளுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் நாட்கணக்கில், வாரக்கணக்கில் உள்ளிருந்து நிரம்புகின்றன. புகைக்கரி உருண்டைகள் வந்து அடைத்துக்கொண்டுதான் படலம் உருவாகிறது என்றால், துளையின் வாய் முதல் நாளிலேயே மூடியிருக்கும். அழுத்தத்தைக் குறைப்பதன் நோக்கமே வாயுவுக்குள் பெரிய மூலக்கூறுகள் வளர்வதற்கு முன் சிறியவை சுவரை அடைந்துவிட வேண்டும் என்பதுதான்.

இதிலிருந்து நீலச்சுடருக்கு ஒரு பயனுள்ள விதி கிடைக்கிறது. குழாயின் சுவர்ப்பரப்புக்கும் உள்ளளவுக்கும் உள்ள விகிதம் விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 20 மில்லிமீட்டர் குழாயை 2 மில்லிமீட்டராக்கினால் அந்த விகிதம் பத்து மடங்காகும். அதே வெப்பநிலையில், அதே தங்கும் நேரத்தில், தூள் குறைந்து படலத்தின் பங்கு உயரும். அகலமான குழாய், அதிக அழுத்தம், நீண்ட தங்கும் நேரம் ஆகியவை தூளின் பக்கம் இழுக்கும்.

கரித்தூள்

துகள் நகரும் திசையைப் பற்றிய வாதம் வலுவானது, ஏற்கிறேன். இருந்தாலும் நான் சொன்னதில் ஒரு துண்டு மிஞ்சுகிறது என்றே நினைக்கிறேன். சில படலங்களின் மேற்பரப்பில் சிறு மேடுகளும், குறுக்குவெட்டில் கீழிருந்து கூம்பு போல் விரியும் உருவங்களும் காணப்படுகின்றன. வளரும் பரப்பில் ஒரு துகள் விழுந்து புதைந்து, அதன்மேல் தகடுகள் வளைந்து வளர்ந்தால்தான் அத்தகைய கூம்பு உண்டாகும். ஆகவே தூளும் படலமும் முற்றிலும் தனித்தனியே வாழ்வதில்லை.

உலைக்களம்

அது சரி. அடிப்பரப்பில் உள்ள கீறலும் அதே வகைக் கூம்பைத் தொடக்கி வைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூம்பு தெரிந்தவுடன் துகள் என்று முடிவுகட்ட வேண்டாம்.

நீலச்சுடர்

நன்றி. தூளும் படலமும் பிசுக்கும் இப்போது ஒரே வரைபடத்தில் பொருந்துகின்றன. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. ஒன்று, புதிய, சுத்தமான குவார்ட்ஸ் குழாயில் ஹைட்ரஜன் மெதுவாகத் தொடங்கிச் சிறிது நேரத்தில் கூடுகிறது. படலம் படிந்த குழாயை மீண்டும் பயன்படுத்தினால் அந்தத் தயக்கம் இல்லை. இரண்டு, எஃகு உறையின் மேலுள்ள மயிர்க்கற்றை ஏன் மிகச் சூடான இடத்தில் வளராமல் 700 டிகிரிப் பகுதியில் வளர்கிறது?

மூலக்கூறன்

முதல் ஐயத்துக்கு என் பதில்: கார்பனே கார்பனுக்கு வினையூக்கி. குவார்ட்ஸின் மேற்பரப்பு மீத்தேனை ஏறத்தாழ ஒன்றும் செய்வதில்லை. ஆனால் முதல் கார்பன் தீவுகள் படிந்தவுடன் அவற்றின் விளிம்புகளும் குறைபாடுகளும் மீத்தேனின் பிணைப்பை வாயுவைவிட எளிதாக அறுக்கின்றன. வெற்று வாயுவில் 400 கிலோஜூலை ஒட்டிய கிளர்வு ஆற்றல் (வினை நடக்கக் கடக்க வேண்டிய ஆற்றல் தடை) கார்பன் பரப்பில் ஏறத்தாழ பாதியாகிறது. கிளர்வூட்டிய கரியையோ கார்பன் கருப்பையோ (தொழில்முறையில் தயாரிக்கும் நுண்கரித்தூள்) இட்டு 850 முதல் 1000 டிகிரியில் மீத்தேனைச் சிதைப்பவர்கள் இந்தப் பண்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒழுங்கற்ற கார்பன் நன்றாக வேலை செய்யும். ஒழுங்கான கிராஃபைட் தகட்டின் தட்டைப் பரப்பு மந்தமானது. புதிய படிவு பழையதன் விளிம்புகளை மூடிவிடுவதால் இட்ட கரியின் திறன் நேரம் செல்லச் செல்லக் குறைவதும் உண்டு.

ஹைட்ரஜனின் எதிர்ப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் சமநிலையைப் பின்னுக்குத் தள்ளுவது மட்டுமல்லாமல், பரப்பின் செயல்மிகு விளிம்புகளில் தானே உட்கார்ந்துகொண்டு படிவின் வேகத்தையும் குறைக்கிறது. ஆகவே நுழைவாயிலில் கொஞ்சம் ஹைட்ரஜனைக் கலந்து பார்ப்பது உங்கள் ஆய்வுக்கு நல்ல சோதனையாக அமையும். இதன் எல்லை நிலை ஒன்று உண்டு: ஏறத்தாழ ஒரு விழுக்காடு மீத்தேனும் மீதி ஹைட்ரஜனுமாக எடுத்து, ஹைட்ரஜனைப் பிளாஸ்மாவாலோ சூடான இழையாலோ அணுக்களாக உடைத்தால், கிராஃபைட் வகைப் பிணைப்புகள் பிறந்தவுடன் அரிக்கப்பட்டு, படிவாக எஞ்சுவது வைரம்.

நிக்கல்துகள்

எஃகு உறையைப் பற்றி நான் எழுதுகிறேன். நான் வேலை செய்யும் துறையே இதுதான்.

துருப்பிடிக்காத எஃகில் இரும்பும் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. இரும்பும் நிக்கலும் மீத்தேனைத் தம் பரப்பில் எளிதாக உடைப்பதோடு, பிறந்த கார்பனைத் தமக்குள் கரைத்துக்கொள்ளவும் செய்கின்றன. பரப்பிலிருந்து பெயர்ந்த நுண்துகள் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் ஒரு முகத்தில் மீத்தேன் உடைகிறது. கார்பன் அணு உலோகத்துக்குள் கரைந்து ஊடுருவி மறுமுகத்தை அடைகிறது. அங்கே கரைசல் மிகைச்செறிவாகிக் கார்பன் தகடுகளாக வெளியேறுகிறது. அடியில் கார்பன் சேரச் சேர உலோகத்துகள் மேலே தூக்கப்படுகிறது. முடிவில் நுனியில் ஓர் உலோகத்துகளைச் சுமந்த மெல்லிய கார்பன் இழை நிற்கிறது. 1972-இல் பேக்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் நிக்கலின் மேல் அசிட்டிலீனைச் செலுத்தி, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே இந்த வளர்ச்சியைக் கண்டு அளந்தார்கள். இழை வளரும் வேகத்தின் கிளர்வு ஆற்றலும் நிக்கலுக்குள் கார்பன் ஊடுருவும் கிளர்வு ஆற்றலும் ஒத்துப்போயின.

மிகச் சூடான இடத்தில் ஏன் வளரவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இழை வளர வேண்டுமானால் கார்பன் வந்துசேரும் வேகமும் ஊடுருவி வெளியேறும் வேகமும் ஈடுகொடுக்க வேண்டும். வெப்பநிலை கூடினால் வரவு ஊடுருவலை மிஞ்சுகிறது. மிஞ்சிய கார்பன் துகளின் முகத்தையே மூடிவிடுகிறது. மூடிய துகள் செத்த துகள். நிக்கலுக்கு இந்த நல்ல இடைவெளி ஏறத்தாழ 500 முதல் 700 டிகிரி வரை. இரும்புக்கு அதற்கும் மேல் 900 டிகிரி வரை நீள்கிறது. உங்கள் உறை 700 டிகிரிப் பகுதியைக் கடக்கும் இடம் இதற்குள் வருகிறது. வெற்று வாயு ஒன்றும் செய்யாத அதே வெப்பநிலையில் உலோகம் இவ்வளவு செய்கிறது என்பதையும் கவனியுங்கள். சமநிலைவாதியின் 550 டிகிரி வெறும் காகிதக் கணக்கல்ல என்பதற்கு நிக்கலே சாட்சி.

கார்பனைக் கரைக்காத உலோகத்தில் கதையே வேறு. செம்பில் கார்பனின் கரைதிறன் மிகமிகக் குறைவு. 1000 டிகிரியை ஒட்டிச் செம்புத் தகட்டின் மேல் மீத்தேனைச் செலுத்தினால் கார்பன் உள்ளே போக இடமின்றிப் பரப்பிலேயே பரவுகிறது. பரப்பு மூடியவுடன் மீத்தேனை உடைக்கச் செம்பு மிஞ்சாததால் வளர்ச்சி பெரும்பாலும் ஓரடுக்கில் நின்றுவிடுகிறது. 2009-இல் பெரிய பரப்பில் ஓரடுக்கு கிராஃபீனை, அதாவது ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தகட்டை, வளர்த்தது இந்த வழியில்தான்.

எங்கள் துறையில் இந்த இழைகள் வேண்டாத விருந்தாளிகள். ஹைட்ரஜனும் கார்பன்மோனாக்சைடும் தயாரிக்கும் நீராவி ரிஃபார்மிங் உலைகளில் மீத்தேனும் நீராவியும் நிக்கல் வினையூக்கி நிரப்பிய குழாய்கள் வழியே செல்கின்றன. நுழைவில் 500 டிகிரியை ஒட்டியும் வெளியேற்றத்தில் 800 டிகிரிக்கு மேலும் வெப்பநிலை இருக்கும். இழைகள் வினையூக்கியின் வேதித்திறனை உடனே கெடுப்பதில்லை, ஏனெனில் நிக்கல் துகள் நுனியில் திறந்தே இருக்கிறது. கெடுப்பது உடலை: துளைகளுக்குள் வளரும் இழைகள் வினையூக்கி வில்லையை உள்ளிருந்து பிளந்து பொடியாக்குகின்றன. பொடி வழியை அடைக்கிறது, அழுத்த இழப்பு ஏறுகிறது, வாயு குறைந்த குழாய் மிகையாகச் சூடாகிறது. உலையின் பார்வைத் துளை வழியே நோக்கினால் அந்தக் குழாயில் ஒளிரும் பட்டை தெரியும். அதனால்தான் ஒரு கார்பனுக்கு ஒரு நீராவி மூலக்கூறு கணக்குக்குப் போதும் என்றாலும் இரண்டரை முதல் மூன்று வரை செலுத்துகிறோம். வினையூக்கியில் பொட்டாசியம் சேர்ப்பதும், தாங்கு பொருளில் மக்னீசியம் அல்லது கால்சியம் ஆக்சைடைச் சேர்ப்பதும் படிவை அடக்கும் வேறு வழிகள். நிக்கல் பரப்பில் அணு அடுக்கு ஒன்று படிபோல் முடியும் விளிம்புகளில் கார்பன் முதலில் கருக்கொள்வதால், தெரிந்தே சிறிதளவு கந்தகத்தைக் கொடுத்து அவ்விடங்களை மூடிவிடும் முறையும் உண்டு. வினையூக்கியின் திறனில் பெரும்பகுதியை விலையாகக் கொடுத்து வாங்கும் பாதுகாப்பு அது.

சமநிலைவாதி

நிக்கல்துகள் சொன்ன உலையில் கார்பன்மோனாக்சைடும் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டு கார்பன்மோனாக்சைடு மூலக்கூறுகள் சேர்ந்து கார்பனும் கார்பன் டைஆக்சைடும் ஆவது வெப்பம் உமிழ் வினை; மோலுக்கு ஏறத்தாழ 172 கிலோஜூல். எனவே அது குறைந்த வெப்பநிலையை விரும்புகிறது. மீத்தேன் சிதைவோ உயர்ந்த வெப்பநிலையை விரும்புகிறது. வாயு குளிரும் பகுதியில் எஃகின் மேல் கறுப்புப் படிவு கண்டால் மீத்தேனைக் குற்றஞ்சாட்டும் முன் கார்பன்மோனாக்சைடைச் சோதிப்பது நல்லது. நீலச்சுடரின் குழாயில் ஆக்சிஜன் மூலம் எதுவும் இல்லாதவரை இந்தக் குழப்பம் எழாது.

அணுக்கணக்கன்

புதியவன், இந்த உரையாடல் முழுவதையும் படித்தேன். கார்பன் டைஆக்சைடு இல்லாமல் ஹைட்ரஜன் தயாரிக்கும் வழியாக இந்த வினை பேசப்படுகிறது. படிவுதான் தடை என்றால், அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மூலக்கூறன்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அது தனி உரையாடலுக்குரிய பொருள். 16 கிராம் மீத்தேன் 4 கிராம் ஹைட்ரஜனையும் 12 கிராம் கார்பனையும் தருகிறது. அதாவது ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு மூன்று கிலோ கார்பன். எடையைப் பார்த்தால் இது கார்பன் தயாரிக்கும் வினை, ஹைட்ரஜன் துணை விளைபொருள். திண்ம வினையூக்கி அந்த மூன்று கிலோவுக்குள் புதைந்துவிடுகிறது. அதைத் தவிர்க்க உருகிய உலோகத்தின் வழியே மீத்தேனைக் குமிழிகளாக விடும் முறையை ஆராய்கிறார்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 27 விழுக்காடு நிக்கலும் 73 விழுக்காடு பிஸ்மத்தும் கொண்ட உருகலில் 1065 டிகிரியில் 95 விழுக்காடு மீத்தேன் சிதைந்தது. கார்பன் உலோகத்தைவிட இலேசானது என்பதால் மேலே மிதந்து சேர்ந்தது. தொழில்முறையில் மிகப் பழைய வழி வேறொன்று: செங்கல் அடுக்கிய உலையை 1300 டிகிரியளவுக்குச் சூடாக்கி, தீயை நிறுத்திவிட்டு இயற்கை வாயுவைச் செலுத்திப் புகைக்கரியாகவே அறுவடை செய்வது. ஒரு உலை சூடேறும் நேரத்தில் இன்னொன்று விளைச்சல் தரும். இவ்வாறு கிடைக்கும் வெப்பக் கருப்பின் துகள்கள் சில நூறு நானோமீட்டர் அளவுள்ளவை, மற்றக் கார்பன் கருப்பு வகைகளைவிடப் பெரியவை. ரப்பர்த் தொழிலுக்குப் போகின்றன.

நீலச்சுடர்

எஃகு உறைக்கு மேல் ஒருமுனை மூடிய அலுமினாக் குழாயைப் போர்த்திவிட்டு மீண்டும் இயக்கினேன். நுழைவுப் பக்கத்தில் கற்றை எதுவும் வளரவில்லை. 700 டிகிரிப் பகுதி வெளிச்சத்தில் பார்க்கும்போது தெளிவாகவே இருக்கிறது. அங்கே அலுமினாவின் மேலும் படிவு இல்லை. 1000 டிகிரியைத் தாண்டிய பகுதியில் மட்டும் அலுமினா சாம்பல்நிறமாகியுள்ளது. வாயு வேகத்தைக் குறைத்தபோது குளிர்ந்த முனையின் பிசுக்கு குறைந்து தூள் கூடியதையும் கண்டேன்.

அளவைச் சரிபார்க்க ஒரு வழி தோன்றியது. 25 டிகிரியில், வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் மீத்தேனில் ஏறத்தாழ அரை கிராம் கார்பன் இருக்கிறது. செலுத்திய மீத்தேன், வெளியேறிய மீத்தேன், குழாயின் எடை உயர்வு ஆகிய மூன்றையும் வைத்துக் கார்பன் கணக்கை மூடலாம் என்று எண்ணுகிறேன். படிந்ததை எரித்து நீக்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை எவை?

உலைக்களம்

எடைக் கணக்கில் பிசுக்கைத் தனியாகக் கரைத்து நிறுத்தெடுங்கள். அதில் ஹைட்ரஜனும் இருப்பதால் முழு எடையையும் கார்பன் என்று கொள்ள முடியாது. புகைக்கரியிலும் சிறிதளவு ஹைட்ரஜன் எஞ்சியிருக்கும். அசிட்டிலீன், எத்திலீன், பென்சீன் ஆகியவற்றைக் குரோமட்டோகிராஃபில் அளக்காவிட்டால் கணக்கு எப்போதும் குறைவாகவே வரும்.

எரித்து நீக்குவதில் முதல் விதி, மீத்தேனை நிறுத்தியவுடன் காற்றை விடக் கூடாது என்பது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரையிலும், ஹைட்ரஜன் 4 முதல் 75 விழுக்காடு வரையிலும் இருந்தால் தீப்பற்றி வெடிக்கும்; சூடான குழாய்க்குத் தனியாகத் தீப்பொறி தேவையில்லை. குழாயின் கொள்ளளவைப் போல் பல மடங்கு ஆர்கானைச் செலுத்தி, வெளியேறும் வாயுவில் இரண்டும் மறைந்ததைக் குரோமட்டோகிராஃபில் உறுதிசெய்த பின், ஆர்கானில் மிகக் குறைந்த ஆக்சிஜனைக் கலந்து 600 முதல் 700 டிகிரியில் தொடங்குங்கள். தூள் விரைவில் எரியும், அதனால் வெப்பநிலை குறிப்பிட்ட இடத்தில் திடீரென ஏறக்கூடும். படலம் அடர்த்தியானது, மெதுவாகத்தான் எரியும். கார்பன்மோனாக்சைடும் வெளிவரும் என்பதால் வெளியேற்றக் குழாய் புகைப்போக்கிக்குள்ளேயே முடிய வேண்டும்.

படலம் தடித்திருந்தால் எரிப்பதற்கு முன்பே உலையை ஆறவிட்டு எடுத்துவிடலாம். கார்பனும் குவார்ட்ஸும் ஆறும்போது சுருங்கும் அளவு வேறுபடுவதால் நீங்கள் சொன்ன வளைந்த செதில்கள் தாமாகவே கழன்றுவரும். நுண்ணோக்கிக்கு அவைதான் நல்ல மாதிரி. பழுப்புப் பிசுக்கை வெறுங்கையால் தொட வேண்டாம். அதில் பென்சோபைரீன் போன்ற, புற்றுநோயை உண்டாக்கும் பல்வளையச் சேர்மங்கள் இருக்கும். கையுறை அணிந்து டொலுவீன் நனைத்த துணியால் துடைத்து, துணியை அபாயக் கழிவுப் பெட்டியில் போடுங்கள். குழாயைத் திரும்ப உலையில் வைக்கும்முன் வெளிப்புறத்தை ஆல்கஹாலால் துடைப்பதும் அவசியம். விரல் ரேகையில் உள்ள உப்பு 1100 டிகிரியில் குவார்ட்ஸைப் பால்நிறமாக்கி விரிசல் விடச் செய்யும்.